ஆயுதபூஜைக்குப் போன சிடி

ஒரகடம் சாலையில் இன்றைக்கு வரிசைகட்டி நிற்கிற கம்பெனிகளின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கம்பெனிகளுக்குள்ளே, கூரைத் தகரத்துக்கும் தலைக்கும் நடுவில் பல்லிமாதிரி ஒட்டிக்கொண்டு, முதல் ஒயரை இழுத்தவன் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் வாய் திறக்காது. ஏகாம்பரநாதன் இழுத்தான். வல்லக்கோட்டைப் பக்கத்து ஆள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதற்கப்புறம் வல்லக்கோட்டை முருகனைத் தவிர வேறு எவனையும் கும்பிடாதவன்.

காருக்கு பம்பர் செய்கிற கம்பெனி அது. அங்கே அவன் சேர்ந்தது ஜெனரேட்டர் கொட்டகையில். டீசல் புகையில் கறுத்து, சத்தத்தில் இடது காது பாதி செத்து, இனி இவ்வளவுதான் என்று இருந்தவனுக்கு ஓர் எலி வந்து வழி காட்டியது. மேல்கூரைக்குள் எலி ஒயரைக் கடித்துவிட, ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனையும் ஊமையாகிவிட்டன. சென்னையிலிருந்து ஆள் வந்து சேர மாலையாகும் என்றார்கள். ஒல்லி உடம்புக்காரன் என்று ஏகாம்பரநாதனை மேலே ஏற்றினார்கள். அறுந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவன் இறங்கினான். அன்றைக்குப் பிடித்தது யோகம். கம்ப்யூட்டர் ஒயருக்குள் இருக்கிற எட்டு வண்ணக் கம்பிகளின் வரிசையைத் தாலாட்டு மாதிரி மனப்பாடம் செய்தான். ஒயரைச் சீவி பிளக்கில் கவ்வவைக்கப் பழகினான். இரண்டே வருஷத்தில் சர்வர் அறைச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது.

சர்வர் அறை என்றால் சாதாரணமா? கம்பெனியில் மேனேஜருக்கு அடுத்து ஏசி இருந்தது அந்த அறைக்குத்தான். உள்ளே ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு கறுப்புப் பெட்டி, ராப்பகலாக உறுமிக்கொண்டு இருக்கும். அதுதான் சர்வர். பம்பருக்கு பம்பர் ஒட்டுகிற ஸ்டிக்கர் அதிலிருந்துதான் வரும். ஸ்டிக்கர் இல்லாத பம்பரைக் கார் கம்பெனிக்காரன் லாரியிலிருந்து இறக்கவே விடமாட்டான். அப்படியென்றால் இந்தக் கம்பெனியின் உயிர் யார் இடுப்பில் தொங்கியது? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே, எப்படிச் சமாளித்தான் என்று கேட்கலாம். கையால் பிழைத்தவன் எதையும் முகம் பார்த்துப் படிப்பான். திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் நிற்கவேண்டும். மஞ்சள் முக்கோணம் வந்தால் கொஞ்சம் பார்த்துப் போகலாம். நீல வட்டம் வந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். பூந்தமல்லி சிக்னலில் லாரிக்காரன் இதைத்தானே செய்கிறான்? வலது கைப்பக்கப் பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். அது போதும். ஏகாம்பரநாதன் அப்படித்தான் அந்த அறையை ஆண்டான்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் அந்த ஆட்சிக்கு ஆபத்து வந்தது.

கிண்டியில் இருந்த ஹெட் ஆபீஸ் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. சர்வர்களைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர். அதைப் போட்டுவிட்டால் சர்வரின் சூடு எவ்வளவு, காற்றாடி சுற்றுகிறதா, டிஸ்க் நலமா என்பதெல்லாம் கிண்டியில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடுமாம். அறையில் ஆள் காவல் காக்கவேண்டாமாம். மறைமலை நகரில் இதே முதலாளிக்கு இன்னொரு கம்பெனி இருந்தது. அங்கே முதலில் போட்டார்கள். அங்கே சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் உதயசூரியன். அடுத்த மாதமே அவனைக் கேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயிலில் நின்று லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தான்.

அதைக் கேட்டதிலிருந்து ஏகாம்பரநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி படுத்தால் பாதி செத்த இடது காதில் ஜெனரேட்டர் ஓடியது. படப்பையில் புது வீடு கட்டி விளக்கேற்றியவன், தெருவில் அத்தனை பேரும் 'கம்ப்யூட்டர்காரர்' என்று கூப்பிடுகிறவன், மறுபடியும் டீசல் கையோடு அந்தத் தெருவில் நடப்பதா? அந்த அறை போனால் அவனிடம் மிஞ்சுவது என்ன?

ஆனால் பயத்தை வெளியே காட்டுகிற ஆளா அவன்? நேராக மேனேஜர் சண்முகசுந்தரத்திடம் போய் நின்றான்.

"சார், அந்த சாஃப்ட்வேரப் போட கிண்டிலேர்ந்து ஆளு எதுக்கு? நான் போட்டுடறேன். ஆயுதபூஜை அன்னிக்கி லைன் ஓடாது. அன்னிக்கே முடிச்சுடறேன்."

"உன்னால ஆகுமாய்யா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க?"

தன் கையாலேயே போட்டுக் காட்டிவிட்டால் தன்னை எப்படிக் கேட்டுக்கு அனுப்புவார்கள் என்பது அவன் கணக்கு.

ஆபீஸில் கம்ப்யூட்டர் படித்த பெண் சந்திரலேகா. வள்ளியூர்க்காரி. குன்றத்தூரில் நான்கு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவள். பூஜைக்கு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் இரண்டு சிடிகளை அவன் கையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இந்த மெல்லிசு டிரைவரு. இந்த டப்பாவுல இருக்கது சாஃப்ட்வேரு. மொதல்ல டிரைவரப் போடணும். பொறவுதான் சாஃப்ட்வேரு. மாத்திப் போட்டுறாதீய."

"டிரைவருன்னா?"

"மிஷினுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவுல நின்னு, இது சொல்லுதத அதுக்கும் அது சொல்லுதத இதுக்கும் எடுத்துச் சொல்லும். அது இல்லன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து முழிக்கும்."

"யம்மா, இந்த கம்பெனிக்கு ஒயரு இழுத்தவன் யாரு?"

"நீங்கதான்."

"அப்பறம் இன்னா? நிம்மதியா ஊருக்குப் போய் சுண்டல் துன்னு. போ."

அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆயுதபூஜை அன்று காலை. மோல்டிங் மெஷின்களுக்கு வாழைக்கன்று கட்டி, நெற்றி நெற்றியாக விபூதிப் பட்டை அடித்து, கம்பெனியே கல்யாண வீடு மாதிரி இருந்தது. துப்புரவு வேலைக்கு மேஸ்திரி தாயாரம்மாள். பூஜை வேலையும் அவள் பொறுப்புதான். பெரிய தாம்பாளத்தோடு சர்வர் அறைக்குள் வந்தாள்.

"ஏகாம்பரம், பூஜைல வெக்க எதுனா குடு."

கம்பி கவ்வுகிற இடுக்கியை எடுத்து நீட்டினான்.

"த்தே, இது போன வருசமும் வந்துது. ஸ்டோர்காரன் புது டிரில்லிங் மிஷினே குடுத்துகீறான். ஏசி ரூம்ல குந்திகினுகீற, உன்னாண்ட புதுசா ஒண்ணும் இல்லியா?"

சுருக்கென்று தைத்தது. ஸ்டோர்காரனுக்கு இவன் இளைத்தவனா? மேஜைமேல் இரண்டு சிடியும் பளபளவென்று கிடந்தன. ஏகாம்பரநாதன் யோசித்தான். இந்த சர்வர் இரண்டு வருஷமாக ஓடுகிறது. டிரைவர் இல்லாமலா ஓடுகிறது? உள்ளே ஏற்கெனவே இருக்கப்போய்த்தானே ஓடுகிறது? இருக்கிறதை எதற்கு மறுபடியும் போடவேண்டும்? படித்த பிள்ளைகள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லும். மெல்லிசு சிடியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான்.

"அடேங்கப்பா! மொகம் பாக்குற கண்ணாடி மாரி கீதே!" என்று தாயாரம்மாள் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பூஜை நல்லபடியாக நடந்தது. கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, சுண்டல், இனிப்பு டப்பா வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். மேனேஜரும் காரில் ஏறினார்.

"ஏகாம்பரம், படப்பையில ஒரு மனை பாக்கணும். பாத்துட்டு சாயங்காலம் வந்துடறேன். அதுக்குள்ள முடிச்சு வை. கிண்டியில காத்துக்கிட்டிருப்பாங்க. நாளைக்குக் காலையில முதல் ஷிப்ட்டுக்கு ஸ்டிக்கர் வரணும். ஞாபகம் இருக்கட்டும்."

"போய்ட்டு வாங்க சார்."

கம்பெனியில் மிச்சம் இருந்தது மூன்று பேர். இவன், பூஜை இடத்தைப் பார்த்துக்கொள்ளத் தாயாரம்மாள், மெயின்டனன்ஸ் டியூட்டியில் ராஜாமணி. ராஜாமணி முன்பு வேறொரு கம்பெனியில் பிரஸ் ஓட்டியவன். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும்.

ஏகாம்பரநாதன் டப்பா சிடியைப் போட்டான். பக்கம் பக்கமாக வந்தது. வலது பட்டன், வலது பட்டன். நடுவில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. நிறைய எழுத்து. சிவப்பு இல்லையே என்று அதையும் தாண்டினான். நீலக்கோடு ஓடி முடிந்தது. எழுந்து சோம்பல் முறித்தான்.

"ராஜாமணி! வந்து பாரு. கிண்டிக்காரன் செய்யவேண்டிய வேல. டீ குடிக்கறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

"நீ யாரு வாத்யாரே! உன்னமாரி ஆளு..." என்று ராஜாமணி தொடங்கினான். முடிக்கவில்லை. சர்வரின் உறுமல் சட்டென்று நின்றது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை அவர்கள் இரண்டு பேரும் கேட்டதே இல்லை. திரை கறுத்தது. பிறகு காற்றாடிகள் ஊவென்று கத்திக்கொண்டு எழுந்தன. மறுபடி முதலிலிருந்து எழுத்துகள் ஓடின.

"இன்னா வாத்யாரே, தானே நின்னு தானே கெளம்புது?"

"புதுசு போட்டா ஒருவாட்டி அப்டித்தான் ஆவும்."

ஒருவாட்டியோடு நிற்கவில்லை. எழுந்து வந்தது. எல்லாம் சரியாக இருப்பதுபோலக் கொஞ்ச நேரம் முகம் காட்டியது. யாரோ பின்னந்தலையில் அடித்ததுபோல மறுபடி செத்தது. மறுபடி எழுந்தது. மறுபடி செத்தது. ஒவ்வொரு தடவை சாகும்போதும் உள்ளே டிஸ்க்குகள் கடக் கடக் என்று பல்லைக் கடித்தன. ஏசி ஓடுகிற அறையில் ஏகாம்பரநாதனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ராஜாமணி பொரி தின்பதை நிறுத்திவிட்டான்.

மேஜை போனிலிருந்து வள்ளியூருக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"யம்மா சந்திரலேகா, நான்தாம்மா..."

"என்னண்ணாச்சி, குரலே சரியில்ல? போட்டாச்சா?"

"போட்டுட்டேன். அது... நின்னு நின்னு கெளம்புதும்மா."

அந்தப் பக்கம் எங்கோ மணியடித்துத் தீபாராதனை காட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி, டிரைவரப் போட்டீயளா?"

"அதான் உள்ளயே பழசு இருக்குதேன்னு..."

"ஐயோ! சொன்னேம்லா! பழைய டிரைவரு பழைய பேச்சுதான் பேசும். புது சாஃப்ட்வேரு ஒரு காவக்காரன உள்ள எழுப்பி விட்டிருக்கு, கேட்டீயளா? 'நல்லாருக்கியா, நல்லாருக்கியா'ன்னு அவன் கேட்டுக்கிட்டே இருப்பான். 'நல்லாருக்கேன்'னு பதில் சொல்ல வேண்டியது புது டிரைவரு. பதில் வரலன்னா மிஷினு செத்துட்டுன்னு நெனச்சு எத்தி எழுப்புவான். அதான் நடக்கு."

"இப்ப இன்னா செய்றது?"

"அது எந்திரிச்சு நிக்க நேரத்துல டிரைவரப் போட்டு முடிச்சிரணும். எந்திரிச்ச ஒடனே ஆரம்பிக்கணும். பாதியில விழுந்துட்டுன்னா முடிஞ்சுது. சீக்கிரம் போடுங்க. இப்படி விழுந்து விழுந்து எந்திரிச்சா டிஸ்க்கு தாங்காது. டிஸ்க்கு போயிட்டுன்னா நாளைக்கு ஒரு ஸ்டிக்கரு வராது. நா வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சிடி கையிலதான இருக்கு?"

ஏகாம்பரநாதன் போனை வைத்துவிட்டு ஓடினான்.

பூஜை மேடை உற்பத்திக்கூடத்தின் நடுவில் இருந்தது. சரஸ்வதி படம், முன்னால் ஸ்பேனர், சுத்தியல், டிரில்லிங் மெஷின், ஸ்குரூ கேஜ் எல்லாம் பூவுக்குள்ளே புதைந்து கிடந்தன. நட்டநடுவில் அந்த சிடி, பூவுக்கு வெளியே தெரிந்த விளிம்பு மட்டும் சூரியன் மாதிரி. தாயாரம்மாள் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அந்த சிடித் தட்ட எடுக்கணும்."

வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது. "இன்னா சொன்ன?"

"சர்வர் சாவுதுக்கா. அந்தத் தட்டு இருந்தாத்தான் பொழைக்கும்."

"பூஜைல வெச்சத நாளிக்கு காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். உனுக்குத் தெரியாதா? ஊர்ல பொறந்தவன்தானே நீ?"

"தெரியும். ஆனா..."

"ஆனா ஆவன்னான்னுகினு. ராஜாமணி, அந்தக் கையக் காட்டுடா இவனுக்கு."

பின்னாலேயே வந்திருந்த ராஜாமணி கையை நீட்டவில்லை. சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ஆனால் அந்தக் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். முன்பு இருந்த கம்பெனியில் அவசர ஆர்டர் என்று ஆயுதபூஜை அன்றைக்கே சூப்பர்வைசர் பிரஸ்ஸை ஓட்டச் சொன்னார். பூஜையில் இருந்த ஸ்பேனரை ராஜாமணி எடுத்தான். மறுநாள் காலை விரல் மெஷினுக்குள் இருந்தது.

ஏகாம்பரநாதன் மேடையையும் சர்வர் அறைப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் ஒன்றும் எதற்கும் அஞ்சாத நாத்திகன் இல்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகிறவன். கூரைமேல் ஏறும்போது நீளமாக மூச்சை இழுத்து முருகா என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பான். சாமி கையில் கொடுத்ததைப் பிடுங்குகிறோம் என்ற நினைப்பே அவனைக் கொன்றது. இதை எடுத்தால் போவது எது? விரலா? மின்சாரம் தொடுகிற கையா? வீட்டில் பெண்டாட்டி, பிள்ளையா? எடுக்காவிட்டால் போவது எது என்பதோ நிச்சயமாகத் தெரியும். சாவி. அறை. டீசல் வாசனை மூக்கில் ஏறியது.

"காலண்டர்ல பாரேன்க்கா. தசமி எப்ப பொறக்குது? தசமி பொறந்துட்டா எடுக்கலாமில்ல?"

"எனுக்கா படிக்கத் தெரியும்? நீயே போய் பாரு."

தூணில் தொங்கிய நாட்காட்டிக்கு ஓடினான். தமிழ் எழுத்தாவது அவனை ஏமாற்றாது. நவமி இரவு வரை என்று போட்டிருந்தது. இரவு வரை அந்தப் பெட்டி எத்தனை தடவை சாகும்? தூரத்தில் சர்வர் அறையிலிருந்து அந்த ஊவென்ற சத்தம் வந்தது. இன்னொரு தடவை எழுந்திருக்கிறது. இன்னும் எழுகிறது என்பதே ஓர் ஆறுதலாகிவிட்டது.

திரும்பி வந்து மேடை முன்னால் நின்றான்.

ராஜாமணிதான் பேசினான். "வாத்யாரே, நான் எடுத்தது ஸ்பேனரு. அது இரும்பு. இது தட்டு. தட்டு வெரல வெட்டாது."

"வேற எத வெட்டும்?"

"அத நீ எடுத்தாத்தான் தெரியும். எடுக்காட்டி உன் வேலய வெட்டும். அது இப்பவே தெரியுது."

"டேய், இன்னாடா சொல்லித் தர்ற அவனுக்கு?" என்று தாயாரம்மாள் கத்தினாள். ஆனால் ஏகாம்பரநாதனின் முகத்தைப் பார்த்தவள் வெற்றிலைப் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். "நான் பொரி மூட்டயக் கட்டணும். பின்னால இன்னா நடக்குதுன்னு நான் பாக்கல. கற்பூரம் ஏத்தி, தப்புக்குக் கன்னத்துல போட்டுகினு எடுக்குறவன் எடுக்கட்டும். தட்டுக்கு பதிலா அந்த எடத்துல எதுனா வெக்கணும். காலியா வுடாத."

கற்பூரத்தை ஏற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான், பளீர் பளீரென்று. இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து அந்த இடத்தில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சிடியை எடுத்தான். எதுவும் இடிந்து விழவில்லை. அதுவே அவனை இன்னும் பயமுறுத்தியது.

சர்வர் எழுந்துகொண்டிருந்தது. திரையில் நுழைவுச்சொல் கேட்டது. இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் விரல்களுக்கு அந்த இடங்கள் தெரியும். அடித்தான். சிடியை உள்ளே தள்ளினான். பெட்டி கர்ர் கர்ர் என்று தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. சிவப்புப் பெருக்கல் குறி வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சிவப்பைப் பார்த்து ஏகாம்பரநாதனின் கண் இருட்டியது. சிடியை வெளியே எடுத்துத் திருப்பினான். பளபளக்கிற பக்கம் முழுக்கச் சந்தனம். நடுவில் வட்டமாகக் குங்குமம். தாயாரம்மாள் பக்தியில் குறை வைக்கவில்லை. எழுத்து அச்சடித்த பக்கத்தை விட்டுவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிற பக்கம்தான் முகம் என்று அங்கேதான் பொட்டு வைத்திருந்தாள். அவள் மேல் தப்பில்லை. யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முகம் என்பார்கள்.

சர்வர் மறுபடி செத்தது. ஒரு வாய்ப்பு போயிற்று.

"தண்ணி! ராஜாமணி, தண்ணி!"

குடிதண்ணீர் பாட்டிலைச் சாய்த்தான். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. நகம் பட்டால் கீறல் விழும். பூஜைக்கென்று கட்டியிருந்த புது வேட்டியின் நுனியை நனைத்து, குழந்தைக்குக் கண் மை துடைப்பதுபோல, நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே துடைத்தான். குங்குமம் ரத்தமாகக் கரைந்து வேட்டியில் ஓடியது. அதைப் பார்த்து ராஜாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன் அடித்தது. கிண்டி.

"என்னங்க, இன்னும் உங்க சர்வர் இங்க தெரியலியே? மேனேஜர் இன்னிக்கே முடிஞ்சுடும்னு சொன்னாரே?"

"வந்துடும் சார். கடைசி வேல நடக்குது" என்று சொல்லிப் போனை வைத்தான்.

காற்றாடிகள் ஊவென்று எழுந்தன. இந்தத் தடவை முன்னைவிட நேரம் எடுத்தது. டிஸ்க் விளக்குகளில் ஒன்று பச்சைக்கு வராமல் மஞ்சளாகவே நின்று நின்று எரிந்தது. மஞ்சள் என்றால் பார்த்துப் போகலாம் என்று இத்தனை நாள் நினைத்தவனுக்கு இப்போது அந்த மஞ்சளே சிவப்பாகத் தெரிந்தது. ராஜாமணி சுவரோடு ஒட்டி நின்றான். விளக்கு பச்சையானது. நுழைவுச்சொல். சிடி. கர்ர். கர்ர். பக்கம் திறந்தது.

வலது பட்டன். வலது பட்டன். நீலக்கோடு நகரத் தொடங்கியது.

அது நகர்ந்த விதத்தை ஏகாம்பரநாதன் பல வருஷம் கழித்தும் சொல்வான். நத்தை போகிற மாதிரி போயிற்று என்பான். கால்வாசி. அரைவாசி. அந்தக் காவல்காரன் உள்ளே இருந்துகொண்டு 'நல்லாருக்கியா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பதில் வரவில்லை. காலை ஓங்கிவிட்டான். இப்போது எத்தினால் பாதியில் விழும். பாதியில் விழுந்தால் முடிந்தது. ஏகாம்பரநாதன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். காய்ச்சல்காரன் முதுகு மாதிரி சுட்டது. "நல்லாகீறேன்னு சொல்லு, நல்லாகீறேன்னு சொல்லுடா" என்று அவன் வாய் தானாக முணுமுணுத்தது. முக்கால்வாசியில் கோடு நின்றுவிட்டது. கதவருகே எப்போது வந்தாளோ, தாயாரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கோடு நகர்ந்தது. முடிந்தது. நீல வட்டம் வந்தது.

சர்வர் ஒரு தடவை நின்று எழுந்தது, அடிபட்டு விழுந்து எழுவதுபோல் இல்லை, தூங்கி எழுவதுபோல. எழுந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வழக்கமாகச் சாகிற நேரம் வந்தது. மூவரும் பெட்டியைப் பார்த்தார்கள். அந்த நேரம் கடந்து போயிற்று. அதற்கப்புறமும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சத்தம் போட்டால் விழுந்துவிடும் என்பதுபோல இருந்தது.

போன் அடித்தபோது மூன்று பேரும் துள்ளிவிட்டார்கள். அதே நேரத்தில் மேனேஜர் சண்முகசுந்தரமும் உள்ளே வந்தார். செருப்பெல்லாம் படப்பை மனையின் செம்மண். போனை அவரே எடுத்தார்.

"ஆ, தெரியுதா? பச்சையா? நல்லது." பிறகு அவர் நெற்றி சுருங்கியது. "என்ன? எத்தனை தடவை?" போனைக் கையால் மூடிக்கொண்டு ஏகாம்பரநாதனைப் பார்த்தார். பார்வை அவன் வேட்டியில் இருந்த சிவப்புக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறியது. "மத்தியானம் பூரா இது விழுந்து விழுந்து எழுந்திருக்குன்னு அந்த சாஃப்ட்வேர் சொல்லுதாமே. என்னய்யா பண்ணினே?"

தான் கையால் போட்ட சாஃப்ட்வேர், கண் திறந்ததும் முதல் வேலையாகத் தன்னையே காட்டிக் கொடுத்துவிட்டது. ஏகாம்பரநாதனுக்குப் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் கிண்டியிலிருந்து அதையும் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

"டிரைவரப் போடாம சாஃப்ட்வேரப் போட்டுட்டேன் சார். அந்தப் பொண்ணு சொல்லித்தான் குடுத்துது. நான்தான் கேக்கல. மஞ்சள் முக்கோணம் வந்துது, அதையும் தாண்டிட்டேன். டிரைவர் சிடிய பூஜைல வெச்சுட்டேன்."

"பூஜையிலயா?"

"அதான் எடுத்துட்டோமே!" என்று தாயாரம்மாள் நடுவில் விழுந்தாள். "சாமியாண்ட கேட்டுகினுதான் எடுத்துது சார். நான் பாக்கல. ஆனா கேட்டுகினுதான் எடுத்துது."

சண்முகசுந்தரம் அவன் வேட்டிச் சிவப்பை இன்னொரு தடவை பார்த்தார். மேனேஜர் போனைக் காதில் வைத்தார்.

"ஆமா, தெரியும். டிரைவர் முன்னப்பின்ன ஆயிடுச்சு. சரி பண்ணியாச்சு. இல்ல, ஆளை மாத்த வேண்டாம். இருக்கட்டும். அங்கேருந்து நீங்க விழுந்துதுன்னு சொன்னீங்க. எழுப்பி விட்டது யாரு, கிண்டியா?" போனை வைத்தார். "ஏகாம்பரம், அடுத்த தடவை மஞ்சள் முக்கோணம் வந்தா அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிட்டு அப்புறம் அழுத்து. நானும் அப்படித்தான் ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி கேளு."

"சரிங்க சார்."

விஜயதசமிக்கு முதல் ஷிப்ட்டில் ஸ்டிக்கர் வந்தது. லாரி போயிற்று. உதயசூரியன் மாதிரி ஏகாம்பரநாதன் கேட்டுக்குப் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தான். அவனை அசைக்க ஆளில்லை. அதைச் சொன்னால் இன்றைக்கும் மார்பு விரியும்.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அறைக்குள் அவன் இருக்கிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டு ஏசிக்கு முதுகைக் கொடுத்துத் தூங்குவான். இப்போது நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டை வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட்டான். ஊரிலிருந்து திரும்பிய சந்திரலேகா அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அண்ணாச்சி, அதுக்குக் கண்ணு கெடையாது. காய்ச்சல் பாக்க மட்டுந்தான் தெரியும். நீங்க தூங்குதது கிண்டிக்குத் தெரியாது."

"நீ சும்மா இரும்மா. உனுக்கு இன்னா தெரியும்?" என்றான் ஏகாம்பரநாதன், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே. "அன்னிக்கி அது என்னப் பத்திச் சொன்னத நீ கேக்கல."